ஓசிச் சூட்டின் கதை: கார் ஹீட்டர் மக்கர் பண்ணும்போது படிக்க ஒரு வரலாறு

டிசம்பர் பொறந்தாச்சுன்னா மின்னசோட்டா, மிச்சிகன் பக்கம் பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற நம்ம மக்கள்கிட்ட இருந்து ஒரே மாதிரி புலம்பல்தான் வரும். "மச்சி, கார் ஹீட்டர்ல சூடே வரல. காத்து நல்லா வருது, ஆனா மார்கழி மாசக் காத்து மாதிரி வருது." இப்படிச் சொல்றவங்க வச்சிருக்கறது பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடி, மூணு நாலு கை மாறி வந்த வண்டியா இருக்கும். ஊருக்குப் போற டிக்கெட்டுக்குச் சேர்த்து வச்ச காசை எடுத்து அந்த வண்டியில கொட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

"இதைப் பாரு, அதை மாத்து"ன்னு பத்து வரியில ஒரு பட்டியல் போட்டு முடிச்சிடலாம். ஆனா அப்படிப் பட்டியலைப் பார்த்துப் பார்ட் மாத்தினவங்க பல பேர் காசு போனதுதான் மிச்சம்னு உட்கார்ந்திருக்காங்க. எந்த மெஷினா இருந்தாலும் அது ஏன் இப்படி ஆச்சுன்னு பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டினா, கோளாறு எங்க இருக்கும்னு தானாப் பிடிபடும். ஹீட்டர்ல இருக்கற ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு காலத்துல ஏதோ ஒரு தலைவலியைத் தீர்க்க வந்து சேர்ந்ததுதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். பெட்ரோல் காருக்குள்ள ஹீட்டர்னு தனியா அடுப்பு எதுவும் கிடையாது. பெட்ரோல்ல இருக்கற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு, அதுவும் நல்ல நாள்லதான், சக்கரத்தைச் சுத்தப் பயன்படுது. இன்னொரு பங்கு புகையோட பின்னாடி போயிடுது. மிச்சத்துல பெரும்பகுதி இன்ஜினைச் சுத்தி ஓடற கூலன்ட் தண்ணிக்குப் போய், ரேடியேட்டர் வழியா காத்துல கலந்துடுது. இப்படி இன்ஜின் வேண்டாம்னு தூக்கிப் போடற சூட்டைத்தான் நாம ஓசியில வாங்கிக் குளிர் காயறோம். அதனால "ஹீட்டர் ஏன் வேலை செய்யல?"ங்கறது தப்பான கேள்வி. "ஓசிச் சூடு வர்ற வழியில எங்க காணாமப் போச்சு?"ங்கறதுதான் சரியான கேள்வி.

கம்பளியும் சுட்ட செங்கல்லும்

கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு மனு போட்டது 1886ல. ஃபோர்டின் மாடல் டி வந்தது 1908ல. அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் மேல துணிக்கூரை, பக்கவாட்டில ஒண்ணுமே இல்லாத ரதங்கள். குதிரை வண்டியில போனவங்க என்ன பண்ணாங்களோ அதையேதான் இவங்களும் பண்ணாங்க. கனத்த கம்பளி, தோல் கையுறை, காலடியில சுட வச்ச செங்கல், இல்லைன்னா உள்ளே கரித்துண்டு கனன்றுக்கிட்டு இருக்கற ஒரு தகரப் பெட்டி. குளிர் கடுமையான ஊர்கள்ல நிறையப் பேர் பனி விழ ஆரம்பிச்சதும் ரேடியேட்டர் தண்ணியை வடிச்சு, வண்டியைக் கட்டை மேல ஏத்தி வச்சிட்டு வசந்தம் வரட்டும்னு விட்டுடுவாங்க.

இங்க ஒரு பொதுஅறிவுத் தகவலையும் சரிபார்த்துடலாம். "கார் ஹீட்டரைக் கண்டுபிடிச்சது மார்கரெட் வில்காக்ஸ், 1893"ன்னு பல இடத்துல போட்டிருப்பாங்க. சிகாகோவைச் சேர்ந்த அந்த அம்மாவுக்கு 1893 நவம்பர் 28ல 'கார் ஹீட்டர்'னு காப்புரிமை கிடைச்சது நிஜம். ஆனா அமெரிக்காவுல டூரியா சகோதரர்கள் தங்களோட முதல் பெட்ரோல் வண்டியை ஸ்பிரிங்ஃபீல்டு வீதியில ஓட்டிப் பார்த்ததே அதே 1893 செப்டம்பர்லதான். அன்னிக்கு அமெரிக்காவுல 'கார்'னு சொன்னா ஜனங்க மனசுல வர்றது ரயில் பெட்டியும் டிராம் பெட்டியும்தான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மாறினதால ஒருத்தருக்கு வேற ஒரு கிரீடம் வச்சிட்டாங்க. ரயில்ல போறவங்க குளிர்ல நடுங்கறதைப் பார்த்து யோசிச்சதுக்கே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம், பொய்க் கிரீடம் தேவையில்ல.

புகைக்குழாய்ச் சூடு

1920கள்ல கதவும் கண்ணாடியும் வச்ச மூடின வண்டிகள் பெருக ஆரம்பிச்சது. உள்ளே சூட்டைத் தேக்கி வைக்க ஒரு இடம் கிடைச்சாச்சு. இனி சூடு எங்க இருந்து எடுக்கறது? இன்ஜின்லயே ரொம்பச் சூடான இடம் புகைக்குழாய். அதைச் சுத்தி ஒரு தகர உறையைப் போட்டு, இன்ஜினுக்கு முன்னாடி இருக்கற விசிறி தள்ற காத்தை அது வழியா ஓட விட்டு, காலடியில ஒரு ஓட்டை போட்டு உள்ளே விட்டாங்க. 1927ல இருந்து 1931 வரைக்கும் வந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டிக்கு இந்த மாதிரி ஹீட்டர்கள் பிரபலம். செலவு கம்மி, கிளம்பின கொஞ்ச நேரத்துல சூடு.

ஆனா பாருங்க, அந்த உறைக்குள்ள இருக்கற குழாய்ல ஒரு சின்ன விரிசல், இல்ல ஒரு கேஸ்கெட் ஒழுகல் இருந்தாப் போதும், சூட்டோட கார்பன் மோனாக்சைடும் உள்ளே வந்துடும். அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்க மாட்டோம். சூட்டை மட்டும் எடுத்துக்கிட்டு விஷத்தை வெளியிலேயே நிறுத்தணும்ங்கறதுதான் அப்புறம் வந்த இன்ஜினியர்களுக்கு முக்கியமான தலைவலி.

தண்ணிக்கு வந்த மவுசு

புகையை விட்டுட்டுத் தண்ணிகிட்ட சூட்டைக் கேட்டாங்க. இன்ஜினைச் சுத்தி வர்ற சுடுதண்ணியில ஒரு பங்கை ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா உள்ளே கொண்டு வந்து, சின்ன ரேடியேட்டர் ஒண்ணுக்குள்ள ஓட விட்டு, பின்னாடி ஒரு மின்விசிறி. இதுதான் ஹீட்டர் கோர். 1930கள்ல கடையில தனியா வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில மாட்டிக்கலாம். இன்னிக்கு நம்ம வண்டியில இருக்கறதும் இதே சரக்குதான். விஷப்புகைக்கும் நமக்கும் நடுவுல தண்ணி நிக்குது.

ஆனா குளிர் நாட்டுல தண்ணின்னாலே இன்னொரு பிரச்சனை இருக்கு. உறைஞ்சா அதோட பருமன் கூடும், இரும்பு இன்ஜினையே பிளந்துடும். அதுக்காக ஆல்கஹால் கலந்தாங்க. உறையலை, சரி. ஆனா மெதனால் 65 டிகிரி செல்சியஸ்லயே கொதிக்கும், சாராய வகை 78ல. இன்ஜின் கொஞ்சம் சூடானாலே கலந்தது ஆவியாப் போயிடும். அதனால இன்ஜினையே அரை வேக்காட்டுச் சூட்டுல ஓட்ட வேண்டிய கட்டாயம். தண்ணியே வெதுவெதுன்னு இருந்தா ஹீட்டர்ல என்ன சூடு வரும்?

இந்த முடிச்சை அவிழ்த்தது ரெண்டு விஷயம். ஒண்ணு, எத்திலீன் கிளைக்கால். 1927ல பிரெஸ்டோன்ங்கற பேர்ல சந்தைக்கு வந்தது. பாதிக்குப் பாதி தண்ணியில கலந்தா சுமார் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியை இறுக்கி அழுத்தத்துல வச்சா இன்னும் மேல போகும்.

ரெண்டாவது, தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் தண்ணி போகாமத் தடுத்து நிறுத்தற வாயிற்காவலன். பழைய தெர்மோஸ்டாட்டுகள்ல ஆவியாகற திரவம் அடைச்ச துருத்தி மாதிரி ஒரு பை இருக்கும், அது சுலபமாப் பழுதாகும். 1936ல செர்ஜியஸ் வெர்னெட்டுங்கறவர் அதுக்குப் பதிலா மெழுகை வச்சார். குறிப்பிட்ட சூட்டுல மெழுகு உருகி விரியும், ஒரு தண்டைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினா ஸ்பிரிங் மூடிடும். கரண்ட் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். நாம ஆயிரம் வரி கோடு எழுதி, அதுக்கு மேல நூறு பக் ஃபிக்ஸ் போட்டுப் பண்ற வேலையை ஒரு துளி மெழுகு கமுக்கமாப் பண்ணிட்டு இருக்கு :-)

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். ஹீட்டர் சூடு கம்மியா இருக்கு, டேஷ்போர்டுல இன்ஜின் சூடு காட்டற முள்ளும் ஹைவேல போகும்போது வழக்கத்தை விடக் கீழே படுத்துக்குதுன்னா, அந்தக் காவலன் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கறான்னு அர்த்தம். காலையில இன்ஜின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. விசிறி, பெல்ட் பக்கம் கையை விடாதீங்க. பெரும்பாலான வண்டிகள்ல முதல் சில நிமிஷம் அது ஜில்லுன்னு இருந்துட்டு, அப்புறம் திடீர்னு சுடணும். ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பானா தெர்மோஸ்டாட் போச்சு. மாத்தறதுக்கு ரொம்ப மலிவான சாமான் அது. கம்பெனி சொன்ன டிகிரியிலேயே வாங்குங்க. வெயில் காலத்துக்குன்னு குறைஞ்ச டிகிரி தெர்மோஸ்டாட்டை யாராவது முன்னாடி மாட்டியிருந்தா, அவர் உங்களை ஆல்கஹால் காலத்துக்குத் திருப்பி அனுப்பிட்டார்னு அர்த்தம்.

நாஷ் கம்பெனி போட்ட ஓட்டை

ஆரம்ப காலத்துச் சுடுதண்ணி ஹீட்டர்கள் காருக்குள்ள இருந்த காத்தையேதான் திரும்பத் திரும்பச் சுட வச்சது. நாலு பேர் விடற மூச்சுல இருக்கற ஈரம் அத்தனையும் உள்ளேயே சுத்தி, கண்ணாடி பூராப் படிஞ்சுடும். 1938 மாடல்ல அமெரிக்காவோட நாஷ் கம்பெனி ஒரு காரியம் பண்ணினாங்க. நில்ஸ் எரிக் வால்பெர்க்ங்கற இன்ஜினியரோட அணி, வெளிக்காத்தைக் கண்ணாடிக்கு அடியில ஒரு திறப்பு வழியா இழுத்து, வடிகட்டி, ஹீட்டர் கோர் வழியா உள்ளே விட்டது. உள்ளே அழுத்தம் லேசாக் கூடினதால கதவு இடுக்கு வழியா வர்ற குளிர்காத்தும் நின்னுது. அடுத்த வருஷம் அதுல தானா சூட்டைச் சரிபார்த்துக்கற வசதியும் சேர்ந்து 'வெதர் ஐ'ன்னு பேர் வந்தது. 1954ல அதே நாஷ், ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒரே அமைப்புக்குள்ள குடித்தனம் வச்சுது.

இதுல இருந்து நமக்கு மூணு பாடம். கண்ணாடி மூடிக்குதுன்னா, உள்காத்தையே சுத்த விடற பட்டனை யாரோ அமுக்கி வச்சிருக்காங்க, 1938க்கு முன்னாடி போயிட்டீங்க. காத்தே கம்மியா வருதுன்னா, வெளிக்காத்து வர்ற வழியில காய்ஞ்ச இலை, இல்லைன்னா வருஷக்கணக்கா மாத்தாத ஃபில்டர். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஜில், குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள்ள டிக் டிக்னு சத்தம்னா, சூட்டையும் குளிரையும் கலக்கற கதவோட பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சிருக்கலாம்.

தண்ணி இல்லாத வண்டியோட பாடு

எல்லா வண்டியும் தண்ணிப் பக்கம் போகல. ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல ரேடியேட்டரே கிடையாது, காத்துதான் இன்ஜினைக் குளிர வைக்கும். 1960களோட ஆரம்பம் வரைக்கும் சிலிண்டரைத் தடவிட்டு வந்த காத்தையே உள்ளே விட்டாங்க, எண்ணெய் ஒழுகினா அந்த வாடையும் இலவசம். அப்புறம் புகைக்குழாயைச் சுத்தி உறை போட்டு, அதுக்குள்ள தனியா சுத்தமான காத்தை ஓட விட்டாங்க. நல்ல முன்னேற்றம்தான், ஆனா உறைக்குள்ள குழாய் துருப்பிடிச்சு ஓட்டையானா பழையபடி கார்பன் மோனாக்சைடு. சூட்டைச் சுமந்து வர்ற குழல் கதவுக்கு அடியில இருக்கற சட்டத்துக்குள்ள ஓடும், அது துருப்பிடிச்சா சூடு ரோட்டுக்குப் போகும். 2003 வரைக்கும் மெக்சிகோவுல அந்த வண்டி வந்துச்சு. யாராவது ஆசைப்பட்டுப் பழைய பீட்டில் வாங்கினா, ஹீட்டர் உறையைச் சோதிக்காம கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டாதீங்க. வெறும் சௌகரியம்னு நினைச்சு விடற விஷயமில்ல இது.

இன்னொரு கூட்டம் ஓசியே வேண்டாம்னு நிஜமாவே அடுப்பு வச்சாங்க. சிகாகோவின் ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி 'சவுத் விண்ட்'னு ஒரு ஹீட்டர் வித்துச்சு. கார்ல இருந்தே பெட்ரோலை எடுத்து ஒரு மூடின அறைக்குள்ள எரிக்கும். ஒண்ணரை நிமிஷத்துல சூடு. ஆனா மைலேஜ் அடி வாங்கும், காலடியில நெருப்பு எரியற நினைப்பும் கூடவே வரும். கடைசியில அமைதியா ஜெயிச்சது தண்ணிதான். 1968ல அமெரிக்க மத்திய அரசு, கார் முன்கண்ணாடியில இருக்கற பனியையும் மூடாக்கையும் நீக்கற அமைப்பு கட்டாயம்னு விதி கொண்டு வந்தது. அதோட ஹீட்டர் கூடுதல் காசு கொடுத்து வாங்கற அலங்காரப் பொருளா இருந்தது போய், பாதுகாப்புச் சாமானா மாறிடுச்சு.

ரெண்டு ஹோஸ் சோதனை

சரி, உங்க வண்டி தண்ணி வண்டிதான். எங்க ஆரம்பிக்கறது? வண்டி ராத்திரி முழுக்க நின்னு ஆறின பிறகு கூலன்ட் அளவைப் பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிக்கற தண்ணி முகத்துல பீச்சியடிக்கும். பல வண்டிகள்ல ஹீட்டர் கோர் உயரமான இடத்துல இருக்கறதால, கூலன்ட் குறைஞ்சா முதல்ல பட்டினி கிடக்கறது அதுதான்.

அளவு சரியா இருந்தா, இன்ஜின் நல்லா சூடானதும் ஹீட்டரை முழுசாத் திருப்பி வச்சிட்டு, இன்ஜின் பக்கத்துல இருந்து உள்ளே போற ரெண்டு சின்ன ஹோஸையும் துணி வச்சுத் தொட்டுப் பாருங்க.

ரெண்டும் நல்லா சுட்டா, சூடு கோர் வரைக்கும் வந்துடுச்சு. கோளாறு காத்துப் பக்கம். கதவு, ஃபில்டர், விசிறி பாருங்க.

ஒண்ணு சுட்டு இன்னொண்ணு ஆறி இருந்தா, கோர் அடைச்சிருக்கு, இல்லைன்னா ஹோஸ்ல இருக்கற வால்வு மூடியே கிடக்கு. அடைப்புன்னா ரெண்டு ஹோஸையும் கழட்டி, வழக்கமா தண்ணி போற திசைக்கு எதிரா மெதுவாத் தண்ணி விட்டு அலசலாம். வேகமா அடிச்சா பழைய கோர் பொத்துக்கும். ஒழுகலை அடைக்கறோம்னு விக்கற பவுடர்களை ஊத்தறதுக்கு முன்னாடி யோசிங்க. ஒழுகல் அடைக்குதோ இல்லையோ, கோர்ல இருக்கற மெல்லிசுக் குழாய்கள் அடைச்சுக்கும்.

ரெண்டும் ஆறி இருந்தா, இன்ஜின்ல இருந்தே சூடு வரல. தெர்மோஸ்டாட், காத்துக்குமிழி, தண்ணி பம்ப் மூணுல ஒண்ணு. ஆக்சிலேட்டரை மிதிச்சா சூடு, சிக்னல்ல நின்னா ஜில்லுன்னா கூலன்ட் குறைவு, உள்ளே காத்து, இல்ல பம்ப் தேய்மானம்.

இந்தக் கடைசிக் கேஸ்ல என் நண்பர் ஒருத்தர் மாட்டினார். சிக்னல்ல மட்டும் ஜில்னு வரும். ஒரு பட்டறையில டேஷ்போர்டு பூராக் கழட்டி ஹீட்டர் கோரையே மாத்தணும்னு, வண்டி விலையில பாதி சொன்னாங்க. பார்க்கிங்லயே ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தோம், ரெண்டும் வெதுவெதுப்பு. காலையில மூடியைத் திறந்தா கூலன்ட் கண்ணுக்கே தெரியல. ஊத்தினதும் ஹீட்டர் அனல். ஆனா கதை அங்க முடியல, அதுதான் முக்கியம். ரெண்டு வாரத்துல திரும்ப ஜில். ஊத்தினது எங்க போச்சு? பம்ப்ல ஒழுகல். கோரை மாத்தியிருந்தா புதுக் கூலன்ட் நிரப்பினதால ரெண்டு வாரம் சூடு வந்திருக்கும், எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க, அப்புறம் ஏதோ ஒரு ஹைவேல இன்ஜின் வெந்திருக்கும்.

அதனால கூலன்ட் குறைஞ்சா ஊத்திட்டு மறந்துடாதீங்க. உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில பிசுபிசுப்பான மூடாக்கு, முன்சீட்டுக் காலடியில ஈரம்னா கோர் ஒழுகுது. வெளியில எங்கேயும் சொட்டல, ஆனா பின்னாடி வெள்ளைப் புகை நிக்காம வருதுன்னா சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது ஹீட்டர் திடீர்னு ஆறி, சூடு காட்டற முள் மேல ஏறினா, அடுத்த எக்சிட் வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. கீழே சொட்டின கூலன்ட்டை உடனே துடைச்சிடுங்க, இனிப்பா இருக்கறதால நாயும் குழந்தையும் நக்கிடும், அது கொடிய விஷம்.

ஓசி நின்னு போகும் காலம்

வேடிக்கை என்னன்னா, இன்ஜின் கெட்டிக்காரனாக ஆக ஓசி குறைஞ்சுக்கிட்டே வருது. 2009ல வந்த மூணாம் தலைமுறை பிரியஸ்ல, புகைக்குழாய்ச் சூட்டை வச்சே கூலன்ட்டைச் சூடாக்கற அமைப்பு வச்சாங்க. மாடல் ஏ காலத்துப் புகைக்குழாய் திரும்ப வந்துடுச்சு, ஆனா நடுவுல தண்ணியை நிறுத்தி வச்சுட்டுத்தான். மின்சாரக் கார்ல வீணாப் போற சூடே கொஞ்சம்தான். பேட்டரியைச் செலவழிச்சுத்தான் சூடு பண்ணணும், பண்ணினா போற தூரம் குறையும். அதனால 2013 மாடல் நிசான் லீஃப்லயும், 2020ல வந்த டெஸ்லா மாடல் ஒய்யிலயும் ஏ.சி.யைத் தலைகீழா ஓட்டி வெளிக்காத்துல இருந்து சூட்டை இறைக்கற ஹீட் பம்ப்பை வச்சாங்க. நூறு வருஷமா சும்மா கிடைச்சதோட விலை என்னன்னு இப்பத்தான் தெரியுது.

நம்ம பழைய வண்டிக்கு இன்னும் ஓசி உண்டு. இந்த வாரக் கடைசியில, பெருசாப் பனி விழறதுக்கு முன்னாடி, காலையில ஒரு அஞ்சு நிமிஷம் பானெட்டைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்க, அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. டிக்கியில ஒரு கம்பளியும் போட்டு வைங்க. 1908ல அவங்க வச்சிருந்ததுதான், இன்னிக்கும் நடுரோட்டுல வண்டி நின்னா அதுதான் காப்பாத்தும்.